போகிப் புள்ளி

போன மார்கழி முழுக்க ஒரு வாசிப்பு விளையாட்டில் இருந்தேன். பொங்கலோடு அது முடிந்துவிட்டது. யார் முதலில் வந்தார்கள் என்பதுகூட இப்போது சட்டென்று நினைவுக்கு வரவில்லை. ஆனால் அதில் ஒரே ஒரு புள்ளி மட்டும் என்னை விடவே இல்லை. எழுதிவிட்டால் கொஞ்சம் ஆறும் என்று தோன்றுகிறது, அதனால்தான் இத்தனை நாள் கழித்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு வாட்ஸ்அப் குழு, 70 பேருக்குப் பக்கத்தில் இருப்போம். பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததில்லை. மார்கழி முதல் தேதியன்று கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒரு பெண் குழுவில் ஒரு படம் போட்டாள்: ஐந்துக்கு ஐந்து புள்ளிக் கோலம், கோடு இழுக்காமல் வெறும் புள்ளியாக. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெயர். கரும்பு என்றால் சின்ன வயதில் படித்து இனித்த ஒன்றை மறுபடி படிக்க வேண்டும். பனி என்றால் குளிர்ந்த ஊரில் நடக்கும் கதை. மஞ்சள் கொத்துக்கு மஞ்சள் அட்டை போட்ட எந்தப் புத்தகமும் சரி. படித்து முடித்துக் குழுவில் நான்கு வரி எழுதினால் அந்தப் புள்ளி நம்முடையது, பக்கத்துப் புள்ளியும் கிடைத்தால் கோடு இழுத்துக்கொள்ளலாம். காணும் பொங்கலன்று யார் கோலம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்ப்பது. அதோடு நூறு பக்கத்துக்கு ஒரு மதிப்பெண் என்று ஒரு கணக்கும் இருந்தது. அந்தக் கணக்குத்தான் பிற்பாடு வம்பானது.

விடியற்காலையில் வாசலில் கோலம் போடுகிற மாதத்தில் கைபேசிக்குள் ஒரு கோலம் நிறைவதைப் பார்ப்பது நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. நான் தாம்பரத்தில் ஒரு மூன்றாவது மாடியில் இருக்கிறேன், வாசல் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. காலையில் காபி ஆற்றும்போதே குழுவைத் திறந்து, ராத்திரி யார் எந்தப் புள்ளியைத் தொட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். மாட்டுப் பொங்கல் புள்ளிக்குப் பாதிக் குழு சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாச'லை எடுத்தது. ஜல்லிக்கட்டு என்றதும் எல்லாருக்கும் அதுதான் நினைவுக்கு வந்திருக்கிறது, ஒரே மூச்சில் படித்துவிடவும் முடியும். ஒரே வாரத்தில் இருபது பேர் ஒரே கதையைப் படித்துவிட்டு அந்தக் காளையைப் பற்றி இருபது விதமாக எழுதியது, எனக்குத் தெரிந்து குழுவில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று. தைப்பொங்கல் புள்ளிக்கு மதுரைத் திட்டத்திலிருந்து ஏதாவது ஒன்றைப் படிக்க வேண்டும் என்று விதி. அந்தத் திட்டம் தொடங்கியதே 1998-ல் ஒரு பொங்கல் நாளில்தான். வெவ்வேறு நாடுகளில் இருந்த தமிழர்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமலே, பழைய நூல்களைக் காசு வாங்காமல் தட்டச்சு செய்து பிழை திருத்தி இணையத்தில் ஏற்றினார்கள். தமிழை இணையத்தில் காட்டுவதற்கே தனி எழுத்துரு தேடி நிறுவ வேண்டியிருந்த காலம் அது. இந்த விதியைப் போட்டதற்காகவே அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது.

சரி, நான் எப்படி விளையாடினேன் என்பதையும் சொல்ல வேண்டும். வேகமாக விளையாடினேன். முதல் 20 நாளில் 17 புள்ளி. ஒல்லியான புத்தகங்களாகத் தேடி எடுத்தேன். மின்சார ரயிலில் தாம்பரத்தில் ஏறிப் பிரித்தால் எழும்பூரில் இறங்கும்போது பாதி முடிந்திருக்கும், சாயங்காலம் திரும்பும்போது மீதி. ராத்திரி நான்கு வரி எழுதிவிட்டுக் கோடு இழுத்துக்கொள்வேன். நான் இரண்டாவது இடத்தில் இருந்தேன். முதலாவது இடத்தில் இருந்தவரை எட்டிப் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பு தூங்கும்போதுகூட இருந்தது. அந்த 17-ல் எத்தனை புத்தகம் இப்போது நினைவிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஆறு. மற்ற பதினொன்றைப் பற்றி நான் எழுதிய வரிகளைப் படித்தால் வேறு யாரோ எழுதியது மாதிரி இருக்கிறது. எனக்கு அது வருத்தம்தான். நன்றாக எழுதப்பட்ட புத்தகங்கள் அவை, இன்னும் நல்ல வாசகியிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவை.

பழையன கழிதல்

கோலத்தின் நட்ட நடுவில் இருந்தது போகி. அதன் கீழே "பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்று எழுதியிருந்தது. வீட்டை விட்டு அனுப்பப்போகிற ஒரு பழைய புத்தகத்தை, அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும் என்பது விதி.

குழுவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், எல்லாரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு நாள் ராத்திரி ஒரு நீண்ட குரல் பதிவு அனுப்பினார். ஒவ்வொரு போகிக்கும் இந்த வரியைச் சொல்லிச் சொல்லி இது ஏதோ குப்பையைக் கொளுத்தச் சொல்லும் பழமொழி என்று ஆகிவிட்டது, இது நன்னூல் என்றார். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இலக்கணம் எழுதி, அத்தனை விதியும் சொல்லி முடித்துவிட்டு, கடைசிச் சூத்திரமாக இதை வைக்கிறார்: "பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையி னானே." வழக்கில் பழையவை சில போகும், புதியவை சில வரும், காலத்தின் போக்கில் அப்படி நடந்தால் அது குற்றமில்லை என்கிறாரே தவிர, பழையதைப் போக்கு என்று எங்கேயும் சொல்லவில்லை. "வழுவல என்கிற சொல்லை விட்டுவிட்டு வரியைச் சொல்லாதீங்க" என்று முடித்தார். பள்ளிக்கூடத்தில் இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினவள் நான். அந்த 'வழுவல'வை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அப்புறம் அவரே உ.வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூருக்குச் சுவடி தேடிப்போன கதையையும் சொன்னார். கோயிலில் சுவடிகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டுப் போகிறார். போன இடத்தில், பழுதான சுவடிகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். அவர்களும் அதைச் சிரத்தையாக, சாஸ்திரப்படி செய்ததாக நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள். பாடப் புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் அம்மா வீட்டுப் பரணை ஒழிக்க மறுநாள் மன்னார்குடிக்குப் போக பஸ் டிக்கெட் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டதால் வேறு மாதிரி இருந்தது.

பரணில் இருந்தது

அப்பா போய் நான்கு வருஷம் ஆகிறது. போகிக்குள் பரணை ஒழித்துவிட வேண்டும் என்று அம்மா வருஷா வருஷம் சொல்லி, வருஷா வருஷம் தள்ளிப்போனது. இந்தத் தடவை நான் ஏறினேன். பித்தளை அண்டா, ஊறுகாய் ஜாடி, தம்பியின் உடைந்த கேரம் போர்டு, அதற்குப் பின்னால் பழைய வேட்டியில் சுற்றி ஒரு மூட்டை. பிரித்தால் பைண்டு செய்த தொடர்கதை வால்யூம்கள், நான்கு.

இதைப் படிக்கிறவர்களில் 40 தாண்டியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையைப் பின்னைப் பிரித்து, அந்தப் பக்கங்களை மட்டும் எடுத்துச் சேர்த்து வைத்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துத் தைப்பார்கள். காலிகோ முதுகு, கெட்டி அட்டை, மயில்துத்தம் கலந்த பசை. அப்படியும் ஓரங்களில் ராமபாணப் பூச்சி துளைத்திருந்தது. கதைப் பக்கத்தின் பின்புறத்தில் பாதி சமையல் குறிப்பு, பாதி துணுக்கு, ஒரு தையல் மெஷின் விளம்பரம். நான்கு வால்யூமின் முதுகிலும் பொன் எழுத்தில் அப்பாவின் பெயர், இனிஷியலோடு.

"பழைய பேப்பர்காரன் நாளைக்கு வருவான், போட்டுடு" என்றாள் அம்மா. அவள் குரலில் தயக்கம் ஏதும் இல்லை. நான்தான் ஒன்றை மட்டும் போகிப் புள்ளிக்காக எடுத்துக்கொண்டேன். எடுத்ததிலும் நினைப்பு கணக்கில்தான் இருந்தது. தடிமன் பார்த்தால் முந்நூறு, நானூறு பக்கம் தேறும், நான்கு மதிப்பெண்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. எத்தனை பக்கம் என்று எப்படிச் சொல்வது? 23 முதல் 30 வரை ஒரு வாரம், அடுத்த வாரம் 41 முதல் 48, அதற்கடுத்தது மறுபடி 17. நான் குழுவில் கேட்டேன். ஒருவர், பத்திரிகைக் கிழிசலைத் தைத்துவைத்தால் அது எப்படிப் புத்தகம் ஆகும், தலைப்புப் பக்கம்கூட இல்லையே என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அதைப் பற்றியே பேச்சு ஓடியது. 1950-லிருந்து 54 வரை 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் 'கல்கி'யில் படித்தவர்கள் புத்தகம் படிக்கவில்லையா? உ.வே.சா.வின் 'என் சரித்திர'மே 1940-ல் 'ஆனந்த விகட'னில் தொடராக வர ஆரம்பித்ததுதானே? நம் ஊரில் ஒரு பெரிய கூட்டம், முக்கியமாக வீட்டுப் பெண்கள், அப்படித்தான் படித்தார்கள். பத்திரிகை வாங்கக் காசு கிடைத்தது, புத்தகம் வாங்கக் கிடைக்கவில்லை. இதையெல்லாம் நான் கொஞ்சம் சூடாகவே எழுதினேன், இப்போதும் என் கருத்து அதுதான். கடைசியில் ஓட்டெடுப்பு நடத்தி, புள்ளி உண்டு, பக்க மதிப்பெண் கிடையாது என்று தீர்ப்பானது. "அக்கா, கோவிச்சுக்காதீங்க, பக்கத்தை எண்ண வழி இல்ல" என்று அந்தப் பெண் தனியாகச் செய்தி அனுப்பினாள்.

மதிப்பெண் இல்லை என்று ஆனதும்தான் நான் அதை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். இதை நான் நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். அவசரப்படக் காரணம் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம், மூன்று அத்தியாயம், அம்மா வீட்டுத் திண்ணையில். 46 அத்தியாயக் கதை. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட டீச்சர், அப்பா இல்லை, சம்பாத்தியம் முழுக்கத் தம்பி படிப்புக்கு. வாராவாரம் ஒரு முடிச்சுப் போட்டு நிறுத்த வேண்டிய கட்டாயம் எழுதியவருக்கு இருந்தது தெரிகிறது, ஆனாலும் அந்த டீச்சர் உயிரோடு இருக்கிறாள். பத்திரிகையின் ஓரத்தில், ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும், பென்சிலில் சின்னதாகத் தேதி. 1979-ஆம் வருஷத் தேதிகள். அப்பாவுக்கு இவ்வளவு பொறுமை இருந்ததா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே படித்தேன்.

30-ஆம் அத்தியாயம் இப்படி முடிகிறது: மழை, ராத்திரி, கதவு தட்டும் சத்தம், டீச்சர் போய்த் திறக்கிறாள். பக்கத்தைப் புரட்டினால் ஒரு வெள்ளைத் தாள். ஒன்றுமே எழுதாத தாள். அதற்குப் பின்னால் இன்னொன்று. இரண்டும் ஒழுங்காக உள்ளே வைத்துத் தைக்கப்பட்டிருந்தன. அடுத்து 33-ஆம் அத்தியாயம், டீச்சர் சென்னைக்குப் போகிற ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள்.

உள்ளே போய், "அம்மா, அப்பா ஏன் நடுவுல வெள்ளைத் தாள் வச்சுத் தெச்சிருக்கார்?" என்று கேட்டேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அது அப்பாவுது இல்லடி, என்னுது."

"மேல அப்பா பேர் இருக்கே?"

"பைண்டர் என்ன பேர் போடணும்னு கேட்டான். அப்பா பேரைச் சொன்னேன்." கொஞ்ச நேரம் முறத்தைத் தட்டிவிட்டு, "அந்த ரெண்டு வாரம் நீ பொறந்தே" என்றாள்.

பிரசவத்துக்குப் பாட்டி வீட்டுக்கு வந்திருந்தாளாம். மாமா வாராவாரம் பத்திரிகை வாங்கி வந்து கொடுப்பாராம். நான் பிறந்ததும் பாட்டி நிறுத்திவிட்டாள். பிள்ளை பெற்ற உடம்பு, படித்தால் கண் போய்விடும் என்று. இரண்டு வாரம் பத்திரிகை வீட்டுக்குள்ளேயே வரவில்லை, மாமா எதிர் வீட்டில் கொடுத்துவிட்டார். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அம்மா முதலில் போய்க் கேட்டது அதைத்தான். அதற்குள் அது மளிகைக் கடைக்குப் போய்ப் பொட்டலம் ஆகியிருந்தது. "என்னைக்காவது கெடைச்சா ஒட்டிக்கலாம்னு ரெண்டு தாள் வச்சுத் தெக்கச் சொன்னேன். பைண்டர்கூடச் சிரிச்சான்."

45 வருஷம். எங்கள் வீட்டில் படிக்கிறவர் என்றால் அப்பாதான் என்று நானும் தம்பியும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோம். என் படிப்புப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் அப்பா என்று சொல்லியிருக்கிறேன், இதே குழுவிலேயே எழுதியிருக்கிறேன். அம்மா அதைப் படித்திருக்கிறாள், ஒன்றும் சொன்னதில்லை. அவள் எப்போது படிப்பதை நிறுத்தினாள் என்று கேட்டேன். நான்கு வால்யூம்தானே இருக்கிறது, நீயே பார்த்துக்கொள் என்றாள். நான்காவதின் கடைசித் தேதி தம்பி பிறப்பதற்கு ஒரு மாதம் முந்தியது.

பழைய பேப்பர்காரர் வந்தார். பழைய நோட்டுகளையும் செய்தித்தாள்களையும் மட்டும் போட்டோம்.

கோலம் முடிந்த பிறகு

போகிப் புள்ளிக்கு நான்கு வரி எழுத வேண்டிய இடத்தில் நான் நடந்த எல்லாவற்றையும் எழுதினேன். 31, 32 இரண்டும் யாரிடமாவது இருக்குமா என்றும் கேட்டேன். அதன் பிறகு எனக்கு விளையாட்டில் மனம் ஓடவில்லை. காணும் பொங்கலன்று என் கோலத்தில் ஆறு புள்ளி தனித்தனியாக நின்றன. புத்தகக் காட்சியில் வாங்கிய பைகளைப் படமெடுத்து எல்லாரும் போட்டுக்கொண்டிருந்தார்கள், நானும் நந்தனத்துக்குப் போனேன், இரண்டு புத்தகம் வாங்கினேன். ஆனால் குழு அந்த வேண்டுகோளை விடவில்லை. தை முழுக்க, மாசி முழுக்க, யாராவது ஒருவர் தன் வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்துவிட்டுப் படம் அனுப்பியபடியே இருந்தார்கள். எத்தனை வீட்டில் எத்தனை வால்யூம்! பாதிக்கு மேல் முதுகில் ஆண் பெயர். உள்ளே யார் கையெழுத்து என்று பார்க்கச் சொன்னேன். பார்த்தவர்களில் பலர் அன்று ராத்திரியே அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார்கள்.

பங்குனியில் தேவகோட்டையிலிருந்து ஒருவர் எழுதினார். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், விளையாட்டில் முதல் வாரத்திலேயே கண் வலி என்று விலகிவிட்டவர். அவர் அத்தை வீட்டில் அதே தொடர். 31 இருந்தது. 32-ஆம் அத்தியாயத்தின் பக்கங்களைக் கரையான் முழுக்க அரித்திருந்தது. 31-இன் எட்டுப் பக்கத்தையும் சன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஓரம் மடங்காமல், ஒவ்வொன்றாகப் படமெடுத்து அனுப்பினார். மற்றதற்குத் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தேடுங்கள் என்று ஐயா சொல்லியிருக்கிறார். கோட்டையூரிலிருந்து வந்து விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஒரு மனிதர் புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் தூக்கிப் போடாமல் சேர்த்துவைத்ததிலிருந்து 1994-ல் உருவான நூலகம் அது. லீவு போட்டு ஒரு நாள் போக வேண்டும்.

அந்த எட்டுப் பக்கத்தையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு மன்னார்குடிக்குப் போனேன். அம்மாவுக்கு இப்போது பொடி எழுத்து தெரிவதில்லை, நான்தான் படித்தேன். கதவைத் தட்டியது பள்ளிக்கூட மேனேஜர். மழையில் நனைந்துகொண்டு மாற்றல் உத்தரவைக் கொண்டு வந்திருக்கிறார், சென்னையில் அவர்களுடைய இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு. டீச்சர் அழுகிறாள். தம்பியிடம் சொல்லிவிட்டுப் போகலாமா என்று யோசிக்கிறாள். அத்துடன் அத்தியாயம் முடிகிறது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "உத்தரவு வந்துதான் போனாளா?" என்றாள்.

"நீ என்ன நெனச்சே?"

"நான் அவளா போனான்னுல்ல நெனச்சேன். தட்டினது தம்பி. மழையில வந்திருக்கான், தலையைத் துடைக்கத் துண்டு குடுத்து, எலை போட்டு, சோறு வைக்கிறா. அவன் குனிஞ்சு சாப்பிட்டுக்கிட்டே இருக்கான், நிமிர்ந்துகூடப் பாக்கல. இவ பெட்டியை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டா. மோர் வேணும்னு கூப்பிடறான், ஆள் இல்ல."

பசை வாங்கி வைத்திருந்தேன். அச்சிட்ட தாள்களை ஒட்டப்போனபோது அம்மா என் கையைப் பிடித்தாள். "அதைக் கடைசியில சொருகி வை. இங்க நான் சொல்றதை எழுது" என்றாள். பேனாவைத் தேடி எடுத்து, முதல் வெள்ளைத் தாளின் மேலே 31 என்று போட்டேன். பென்சிலில் எழுதச் சொன்னாள். பென்சில் எடுத்து வந்து உட்கார்ந்தேன். மழை எப்படிப் பெய்தது என்பதிலிருந்து ஆரம்பித்தாள்.